ஹீட் பம்ப் வாங்குமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள்

போன மாதம் டீச்சர் வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி, மகன் கேஎல்லிலிருந்து ராக்கெட் மாதிரி ஒன்றை அனுப்பியிருக்கிறான். சுடுதண்ணிக்காம். லாரிக்காரர்கள் ஹால் நடுவிலேயே இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். வந்து பார்."

போய்ப் பார்த்தேன். ஆளுயரத்துக்கு வெள்ளைப் பீப்பாய், தலையில் கறுப்புத் தொப்பி. 200 லிட்டர் ஹீட் பம்ப் டேங்க். சாமி அறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் வைப்பதென்று டீச்சர் அதற்குள் முடிவே செய்துவிட்டார். பழைய பேப்பர், பிஸ்கட் டின் எல்லாவற்றையும் ஒதுக்கித் தரையைத் துடைத்து, கோலம் ஒன்றுதான் போடவில்லை. நான் குனிந்து பீப்பாயின் பக்கவாட்டில் இருந்த ஸ்டிக்கரைப் படித்தேன். ஆர்-290, 150 கிராம்.

"டீச்சர், இதை அந்த அறையில் வைக்கக் கூடாது."

"ஏன்? சுடுதண்ணி டேங்க்தானே?"

கேள்வி நியாயமானதுதான். டேங்க் எத்தனை லிட்டர், என்ன பிராண்டு, என்ன விலை என்று விசாரித்துத்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். உள்ளே என்ன கேஸ், எத்தனை கிராம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் தண்ணீர் எவ்வளவு சூடாகும், டேங்க்கை எங்கே வைக்கலாம், பத்து வருடம் கழித்து யார் வந்து ரிப்பேர் செய்ய முடியும் என்பதையெல்லாம் அந்த ஒரு வரிதான் முடிவு செய்கிறது.

எனக்கு ஊர் மலேசியாவில் சுங்கை சிப்புட். ஈப்போவில் ஒரு தவுக்கேயிடம் (முதலாளியிடம்) ஏர்கோன் வேலை பழகினேன். பிறகு தோட்ட ஆபீஸ், செம்பனை ஆலை, துரை பங்களா என்று சுற்றி, இப்போது சொந்தமாக ஒரு வேனும் ஒரு பையனுமாக ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டு ஹீட் பம்ப் வேலை நாலைந்து வருடமாகத்தான் அதிகம் வருகிறது. லயத்தில் இருந்த காலத்தில் எங்கள் ஹீட்டர் மண்ணெண்ணெய் டின்தான். மூன்று கல், கித்தா விறகு, மேலே டின். மழையில் நனைந்து வரும் அப்பாவுக்கும் பிள்ளை பெற்ற அக்காவுக்கும் அதில்தான் வெந்நீர். புகையில் பாதி, காற்றில் பாதி என்று சூடு போக, மிச்சம்தான் தண்ணீருக்கு வரும்.

ஹீட் பம்ப்பின் கணக்கு வேறு. உங்கள் ஐஸ்பெட்டியின் பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள், சுடும். உள்ளே இருக்கும் சாமான்களின் சூட்டை எடுத்து வெளியே தள்ளுவதுதான் அதன் வேலை. ஹீட் பம்ப்பும் அதே வேலையைத்தான் செய்கிறது. வெளிக்காற்றின் சூட்டை எடுத்துத் தண்ணீருக்குள் தள்ளுகிறது. அந்தச் சூட்டைச் சுமக்கும் கூலியாள்தான் கேஸ். ஆர்-134ஏ என்ற கேஸ் காற்றழுத்தத்தில் பூஜ்யத்துக்குக் கீழே 26 டிகிரியிலேயே கொதிக்கும். ஆர்-290 பூஜ்யத்துக்குக் கீழே 42-இல். அதனால் நம்மூர் 30 டிகிரிக் காற்று அதற்கு அடுப்பு மாதிரி. காற்று பட்டதும் குழாய்க்குள் கொதித்து ஆவியாகி, சூட்டை வாங்கிக்கொள்ளும். கம்ப்ரெசர் அந்த ஆவியை அமுக்கும். சைக்கிள் பம்ப் அடிக்கும்போது அடிப்பக்கம் சுடுமே, அப்படி ஆவி சூடேறும். டேங்க்கைச் சுற்றியுள்ள குழாயில் ஓடி, தண்ணீருக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டு மறுபடி திரவமாகி, அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு வழியாகக் காற்றுப்பக்கம் திரும்பும். கரண்ட் செலவு பெரும்பாலும் கம்ப்ரெசருக்கு, கொஞ்சம் விசிறிக்கு. நம்மூர் வெயிலுக்கு ஒரு யூனிட் கரண்டில் மூன்று, மூன்றரை யூனிட் சூடு கிடைத்துவிடும். குளிர் நாட்டுக்காரர்கள் பனியில் வைத்து இழுபறிப்படும் சாமானுக்கு நம்ம ஊர் சொர்க்கம்.

சரி, சொர்க்கம் என்பதற்காக எல்லோரும் வாங்க வேண்டுமா? வேண்டாம்.

வீட்டில் இரண்டு பேர். ஆளுக்கு ஐந்து நிமிடம் குளியல். சுவரில் மாட்டும் 3.6 கிலோவாட் ஷவர் ஹீட்டர் பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓடினால் 0.6 யூனிட். ஒரு நாளைக்கு இரண்டு வேளை குளித்தாலும் 1.2 யூனிட். இதில் என்னத்தை மிச்சம் பிடிப்பது? டேங்க்கில் தண்ணீர் சும்மா நின்று ஆறுவதே அந்த மிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். இப்படிப்பட்ட வீட்டில் ஹீட் பம்ப் விற்பது பாவம் என்று நான் நினைக்கிறேன். கடைக்காரர்கள் அப்படி நினைப்பதில்லை.

முதியோர் இல்லம் என்றால் கணக்கே வேறு. எனக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் பதினான்கு பேர். ஆளுக்கு 40 லிட்டர், 40 டிகிரி தண்ணீர் என்று வையுங்கள். குழாய்த் தண்ணீர் 27 டிகிரியில் வருகிறது. ஓர் ஆளுக்கு 0.6 யூனிட் சூடு, பதினான்கு பேருக்கு எட்டரை யூனிட். ஹீட் பம்ப் அதை இரண்டரை யூனிட் கரண்டில் முடிக்கும். தினம் ஆறு யூனிட் மிச்சம், மாதம் 180. உங்கள் பில்லில் ஒரு யூனிட் என்ன விலை என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். அரை வெள்ளி (ரிங்கிட்) என்று வைத்தாலும் மாதம் 90 வெள்ளி. டீச்சர் வீடு இரண்டுக்கும் நடுவில். அவர், முட்டி ஆபரேஷன் ஆன கணவர், சனி ஞாயிறு வந்துவிடும் பேரன் பேத்திகள் ஐந்து பேர். மகன் வாங்கியும் அனுப்பிவிட்டார். அப்புறம் என்ன பேச?

டேங்க் அளவுக்கு ஒரு குறுக்குவழி சொல்கிறேன். 55 டிகிரியில் நிற்கும் 200 லிட்டரை 27 டிகிரித் தண்ணீரோடு கலந்து 40 டிகிரியில் குளித்தால், கணக்குப்படி 430 லிட்டர் வரும். ஆனால் சூடு இறங்க இறங்க அடியில் பச்சைத் தண்ணீர் ஏறிவிடும், அதனால் கைக்கு 300-க்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுப் பேர் குளிக்கலாம். முழு டேங்க்கையும் மறுபடி சூடாக்க ஆறரை யூனிட் சூடு வேண்டும். சாதாரண வீட்டு மெஷினுக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும்.

ஸ்டிக்கரில் என்ன இருக்கும்

கேஸ் பெயர், கிராம் அளவு, அதிக அழுத்தம், கரண்ட், தண்ணீரின் அதிகபட்ச சூடு. முதல் இரண்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெயில் மழையில் ஸ்டிக்கர் வெளுத்துப்போன மெஷினுக்குக் கேஸ் கண்டுபிடிப்பது பெரிய தலைவலி.

ஆர்-22 என்று எழுதியிருந்தால் இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஓசோனைக் கெடுக்கும் வகை. 1987-இல் போட்ட மொன்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி நம்மைப் போன்ற நாடுகளில் 2030-இல் ஏறக்குறைய நின்றுவிடும், பழைய மெஷின் பார்க்கக் கொஞ்சம் மட்டும் கிடைக்கும். 1990களில் நானும் இதைக் காற்றில் திறந்துவிட்டவன்தான். தவுக்கே "விடு, விடு" என்பார், விடுவேன். இன்றைக்கு அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம். உறிஞ்சித் தோங்கில், அதாவது சிலிண்டரில்தான் பிடிக்க வேண்டும்.

ஆர்-134ஏ தான் சுடுதண்ணிக்குப் பழைய குதிரை. காடி (கார்) ஏர்கோனில் பல வருடம் ஓடிய அதே கேஸ். தீப்பிடிக்காது, அழுத்தம் குறைவு. 60 டிகிரியில் உள்ளே அழுத்தம் சுமார் 230 பிஎஸ்ஐதான் நிற்கும். ஒவ்வொரு கேஸுக்கும் ஓர் எல்லைச் சூடு உண்டு. அதைத் தாண்டினால் எவ்வளவு அமுக்கினாலும் திரவமாகாது, எல்லையை நெருங்க நெருங்கவே கம்ப்ரெசர் திணறும். ஆர்-134ஏவுக்கு அந்த எல்லை 101 டிகிரி. அதனால் 60, 65 எல்லாம் அதற்குச் சர்வ சாதாரணம். குறை என்னவென்றால், ஒரு கிலோ கசிந்தால் 1,430 கிலோ கரியமில வாயு விட்டதற்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும். வீட்டு டேங்க்கில் கிட்டத்தட்ட ஒரு கிலோ இருக்கும்.

ஆர்-410ஏ ஏர்கோனுக்காக வந்த கலவை. எல்லைச் சூடு 71 டிகிரிதான். 60 டிகிரியில் அழுத்தம் 540 பிஎஸ்ஐ பக்கம் போய்விடும். அதனால்தான் இதில் ஓடும் டேங்க்குகள் பெரும்பாலும் 55-இல் நின்றுவிடுகின்றன. ஒரு கிலோவுக்கான கசிவுக் கணக்கும் 2,088 கிலோ. புதிதாக வாங்குபவருக்கு இதை நான் சொல்வதில்லை. ஏற்கெனவே இருந்தால் நன்றாக வைத்திருங்கள், போதும்.

ஆர்-32 அந்தக் கலவையின் ஒரு பாதி. இப்போது கடையில் தொங்கும் ஏர்கோன்களில் பெரும்பாலும் இதுதான், அதனால் ஊர் ஆட்களுக்குக் கை பழகியிருக்கிறது. கசிவுக் கணக்கு 675. அழுத்தம் 410ஏ அளவுக்கே இருக்கும். இலேசாகத் தீப்பிடிக்கும் வகை. காற்றில் 14 சதவீதம் கலந்தால்தான் எரியும், அதுவும் மந்தமாக. ஆனால் நெருப்பில் பட்டால் வரும் புகை பொல்லாதது, நுரையீரலை அரிக்கும். ஆகவே கேஸ் இருக்கும்போது குழாயில் யாராவது வெல்டிங் டார்ச்சைக் கொண்டுபோனால் ஓடிப்போய்த் தடுங்கள்.

ஆர்-290 சுத்தமான புரோப்பேன். நம் அடுப்புக் கேஸில் இருக்கும் அதே புரோப்பேன், தண்ணீரும் அழுக்கும் வாசனை மருந்தும் இல்லாமல் வடித்தது. சுடுதண்ணிக்கு அருமையான கேஸ். எல்லைச் சூடு 97 டிகிரி, அழுத்தம் நடுத்தரம், 65, 70 டிகிரித் தண்ணீர் கொடுக்கும் மெஷின்கள் உண்டு, பூமியைச் சூடாக்கும் கணக்கு ஒற்றை இலக்கத்தில். குறை ஒன்றே ஒன்று. நன்றாக எரியும். காற்றில் 2.1 சதவீதம் கலந்தாலே போதும். அதனால்தான் டேங்க்குக்கு 150 கிராம் மாதிரி கொஞ்சமாகப் போடுகிறார்கள்.

கரியமில வாயுவையே கேஸாக வைத்து ஓடும் மெஷினும் உண்டு, ஆர்-744 என்று எழுதியிருக்கும். ஜப்பானில் 2001-இல் எக்கோ க்யூட் என்ற பெயரில் வீடுகளுக்கு வந்தது. 90 டிகிரி வரைக்கும் ஏற்றும். உள்ளே அழுத்தம் 1,500 பிஎஸ்ஐயை நெருங்கும், அழுத்தம் பார்க்கும் சாதாரண கேஜை மாட்டினால் கேஜ் போய்விடும். இதில் நம்ம ஊருக்கு ஒரு சிக்கல். இதன் எல்லைச் சூடு 31 டிகிரிதான். உள்ளே போகும் தண்ணீர் நல்ல குளிர்ச்சியாக இருந்தால்தான் இது லாபம் கொடுக்கும். ஜப்பான் பனிக்காலத்துக் குழாய்த் தண்ணீர் அதற்குத் தேன். நம் கூரைமேல் தொட்டித் தண்ணீர் பகல் வெயிலில் 30-ஐத் தாண்டி வருகிறது. மெஷின் நல்லதுதான், இடம்தான் அதற்குப் பொருந்தவில்லை.

இன்னொரு கணக்கும் சொல்லிவிடுகிறேன். 134ஏ, 410ஏ, 32 எல்லாம் படிப்படியாகக் குறைக்கப்படப் போகின்றன. அதே மொன்ட்ரியல் ஒப்பந்தத்துக்கு 2016-இல் கிகாலியில் போட்ட திருத்தத்தில் மலேசியா 2020-இல் சேர்ந்தது. நம் பிரிவு நாடுகளுக்கு 2024-இல் அளவு உறைந்தது, 2029-இல் பத்து சதவீதம் குறையும், 2045-க்குள் எண்பது சதவீதம். நாளைக்கே கேஸ் கிடைக்காமல் போகாது. ஆனால் டேங்க் பன்னிரண்டு, பதினைந்து வருடம் நிற்கும் சாமான். அதற்குள் எந்தக் கேஸின் விலை ஏறும் என்று யோசித்து வாங்குவது நல்லது. என் கையில் காசு இருந்தால் இன்றைக்கு ஆர்-290 வாங்குவேன். வைக்க வெளியிடம் இல்லாமல், காற்றோட்டமான உள்ளிடம்தான் இருந்தால் 134ஏ.

டீச்சர் வீட்டு ஸ்டோர் ரூம்

அந்த அறை நாலடிக்கு ஐந்தடி, உயரம் எட்டடி. கொள்ளளவு நாலரை கன மீட்டர். 150 கிராம் புரோப்பேன் முழுதும் கசிந்தால் ஒரு கன மீட்டருக்கு 33 கிராம். தீப்பிடிக்கும் அளவு 38 கிராம். "அப்போ குறைவுதானே" என்றார் டீச்சர். கணக்கு டீச்சராக இருந்தவர், விடமாட்டார். ஆனால் புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். அறை முழுக்கச் சமமாகப் பரவாமல் தண்ணீர் மாதிரி தரையில் படுத்துக்கொள்ளும். முழங்கால் உயரத்துக்குள் அளந்தால் எல்லையைத் தாண்டிவிடும். கதவிடுக்கு வழியாகப் பக்கத்து அறைக்கும் போகும். அங்கே தினம் காலை மாலை குத்துவிளக்கு, வெள்ளிக்கிழமை சாம்பிராணி.

"அடுப்படியில் 14 கிலோ தோங் வைத்திருக்கிறோமே, அதைவிடவா?" இதுவும் நல்ல கேள்வி. தோங்கில் இருப்பதில் தொண்ணூறில் ஒரு பங்குகூட இதில் இல்லை. ஆனால் அடுப்புக் கேஸ் கசிந்தால் முட்டை அழுகின நாற்றம் மூக்கைத் துளைக்கும், அதற்கென்றே மருந்து கலந்திருக்கிறார்கள். இதில் வாசனையே கிடையாது. கசிந்தாலும் தெரியாது.

பீப்பாய்க்குள் குண்டு இருப்பதுபோல் பயப்படவும் வேண்டாம். திறந்த வெளியில் 150 கிராம் ஒரு மூச்சில் கலைந்துபோகும். அதனால் பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில், கூரை உண்டு, இரண்டு பக்கம் கிரில் என்று இருந்த மூலையில் வைத்தோம். அடுப்பும் விளக்கும் எட்டத்தில். தரையில் மூடாத கால்வாயோ பள்ளமோ பக்கத்தில் இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன், கேஸ் போய்த் தங்கும் இடம் அதுதான். எத்தனை அடி விட வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். கையேட்டில் படம் போட்டிருப்பான், அதைத் தூக்கி எறியாமல் பாருங்கள்.

தீப்பிடிக்காத கேஸாக இருந்தாலும் ஸ்டோர் ரூம் சரிப்படாது. மெஷின் காற்றிலிருந்து சூட்டை எடுக்கிறது. மூடிய அறையில் அது விடும் குளிர்காற்றை அதுவே திரும்பத் திரும்ப இழுத்து, அறை குளிர்சாதனப்பெட்டி ஆகிவிடும். தண்ணீர் மட்டும் சூடாகாது.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்

200 லிட்டர் தண்ணீரோடு டேங்க் 270, 280 கிலோ வரும். பலகை மேலோ மண் மேலோ வேண்டாம், கான்கிரீட் தளம் வேண்டும். படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் விடுங்கள். கம்ப்ரெசர் எண்ணெய் குழாய்க்குள் போயிருக்கும், அது திரும்ப இறங்க வேண்டும்.

குளிர்த் தண்ணீர் வரும் வழியில் ஒரு ஸ்டாப் வால்வு, தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு. டேங்க்கின் மேல்பகுதியில் சூடும் அழுத்தமும் மிஞ்சினால் தானாகத் திறக்கும் சேஃப்டி வால்வு. அதன் வாயிலிருந்து குழாயைக் கீழ்நோக்கி வெளியே விட வேண்டும். சொட்டுகிறதே என்று அந்த வாயை யாராவது பிளக் போட்டு அடைத்தால் டேங்க்தான் வெடிகுண்டு, கேஸ் அல்ல. சூடாகும்போது தண்ணீர் விரியும், அப்போது சில சொட்டு விழுவது இயல்பு. சுடுதண்ணிக் குழாய்க்குச் சாதாரண வெள்ளைப் பிவிசி போடுகிறவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், இந்தச் சூட்டில் அது இளகி வளையும். செம்பு போடலாம், இல்லையென்றால் சுடுதண்ணிக்கான பிபிஆர் பிளாஸ்டிக் குழாய். மேலே கறுப்பு நுரை உறை போடாமல் விட்டால், பகலெல்லாம் மிச்சம் பிடித்த சூடு சுவருக்குப் போய்விடும்.

வயரிங்கை உரிமம் உள்ள வயர்மேன் செய்யட்டும். சுடுதண்ணி ஹீட்டருக்கு இங்கே 10 மில்லி ஆம்ப் கசிவிலேயே விழும் சுவிட்ச் வேண்டும். வீட்டுக்கே பொதுவாக இருக்கும் பெரிய சுவிட்ச் இதற்குப் போதாது.

தண்ணீர் நிரப்பாமல் சுவிட்ச் போடாதீர்கள். எல்லாச் சுடுதண்ணிக் குழாயையும் திறந்து, காற்று புஸ் புஸ்ஸென்று வந்து முடிந்து, தண்ணீர் ஒரே சீராக ஓடிய பிறகு மூடி, அப்புறம் சுவிட்ச். கால் மணி நேரத்தில் விசிறிப் பக்கம் காற்று சில்லென்று வரவேண்டும். காற்றில் உள்ள ஈரம் தண்ணீராகி ஒரு சிறு குழாயில் சொட்டும். நம்மூர் ஈரக் காற்றுக்கு நன்றாகவே சொட்டும், "டேங்க் ஒழுகுகிறது" என்று எனக்கு வரும் போனில் பாதி இதுதான். அந்தக் குழாயைக் கால்வாய்க்கு விடுங்கள், சேஃப்டி வால்வுக் குழாயோடு இணைக்காதீர்கள்.

சூட்டை 55-இல் வையுங்கள். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் கம்ப்ரெசர் கூடுதலாக உழைக்கும். ஆனால் 45-க்குக் கீழே இறக்கி மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். தேங்கிய வெதுவெதுத் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும், அது நுரையீரலுக்கு ஆகாது. வாரம் ஒரு தடவை 60-க்கு ஏற்றுவது நல்லது, புது மெஷின்களில் அதற்கென்று ஒரு புரோகிராம் இருக்கும். 60 டிகிரித் தண்ணீர் சில விநாடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும், அதனால் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால் கலக்கும் வால்வு போட்டாக வேண்டும். டைமரை மத்தியானத்துக்கு வையுங்கள், காற்று சூடாக இருக்கும்போது மெஷினுக்கு வேலை இலகு. நேரத்துக்கு நேரம் விலை மாறும் மின்திட்டம் எடுத்தவர்கள் மட்டும் தங்கள் உச்ச நேரத்தைப் பார்த்து ஒதுக்குங்கள்.

"கேஸ் தீர்ந்து போச்சு"

முதியோர் இல்லம் என்றேனே, அங்கே என்னைக் கூப்பிட்டதே இதற்காகத்தான். மூன்று வருடமாக ஒருவர் வருடத்துக்கு ஒரு தடவை வந்து "கேஸ் முடிந்துவிட்டது" என்று டாப்-அப் அடித்து 150 வெள்ளி வாங்கிப் போயிருக்கிறார். கேஸ் என்ன, பெட்ரோலா? அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், எரிவதில்லை, தேய்வதில்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை. நான் டார்ச் அடித்துப் பார்த்ததும் ஒரு நட்டுக்கடியில் எண்ணெய்க் கறை, அதில் தூசி அப்பிக் கறுத்திருந்தது. கேஸோடு எண்ணெயும் கசியும், அதுதான் ஓட்டையின் கையெழுத்து. சோப்புத் தண்ணீர் தடவினேன், முட்டை முட்டையாகக் கிளம்பியது. குழாய் முனையை வெட்டி மறுபடி விரித்து நட்டை முடுக்கினேன். அதோடு சரி, டாப்-அப் நின்றது.

ரிப்பேருக்கு வருபவரிடம் நீங்கள் பார்க்க வேண்டியது இவ்வளவுதான். மிச்சக் கேஸைத் தோங்கில் உறிஞ்சுகிறாரா? ஓட்டையை அடைத்தபின் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்கிறாரா? நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் தோங்கை யாராவது தூக்கிவந்தால் வீட்டை விட்டு வெளியேறுங்கள், எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும். அப்புறம் வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, உள்ளழுத்தத்தை 500 மைக்ரானுக்குக் கீழே இறக்குகிறாரா? கடைசியில் தராசில் வைத்து, ஸ்டிக்கரில் உள்ள கிராமுக்கு அளந்து போடுகிறாரா? 150 கிராம் மெஷினில் 20 கிராம் கூடக் குறைய ஆனாலே வித்தியாசம் தெரியும், கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக அடிப்பது ஆகாது. 410ஏ கலவை என்பதால் தோங்கைக் கவிழ்த்துத் திரவமாக ஏற்ற வேண்டும். சுற்றுச்சூழல் இலாகாவின் பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். என்னிடமும் கேட்டிருக்கிறார்கள், காட்டினேன்.

ஒரு கேஸுக்குப் பதில் இன்னொன்று, எந்தக் காலத்திலும் வேண்டாம். மலையடிவாரத்தில் ஒரு தங்கும் விடுதி. 134ஏ மெஷின். சர்வீஸ் போர்ட்டில் ஹோஸைத் தளர்த்தினேன், முட்டை அழுகின வாசனை. எவரோ அடுப்புக் கேஸை ஏற்றியிருக்கிறார். மெஷின் ஓடத்தான் செய்தது, அதுதான் கொடுமை. அந்தக் கேஸுக்காகச் செய்யாத பெட்டி அது, ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் ஆகும்போதும் உள்ளே ரிலே பொறி தட்டும். நான் சுவிட்சைத் தொடாமல் மெயினுக்குப் போய் அணைத்துவிட்டு, அஞ்சடியில் (வெளி நடைபாதையில்) உட்கார்ந்து ஒரு கோப்பி குடித்தேன். கை நடுக்கம் நிற்க அவ்வளவு நேரம் ஆயிற்று.

மற்றபடி பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அலுமினியத் தகடுகளை மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள், ஜெட் தண்ணீர் அடித்தால் தகடு மடங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சேஃப்டி வால்வு நெம்புகோலைத் தூக்கிவிட்டுப் பாருங்கள், சுடுதண்ணீர் வரும், கையை ஒதுக்கி வையுங்கள். டேங்க்குக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும். துருவைத் தன்மேல் வாங்கிக்கொண்டு டேங்க்கைக் காப்பாற்றுவது அதன் வேலை. இரண்டு, மூன்று வருடத்தில் கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றுங்கள். சுண்ணாம்பு மலைப்பக்கம் கிணற்றுத் தண்ணீர் எடுக்கும் வீடுகளில் அடியில் படிவு சேரும், வருடத்துக்கு ஒரு தடவை கீழ் வால்வைத் திறந்து வாளியில் வடியுங்கள். மின்பெட்டி மூடியின் ஓட்டைகளை அடைத்து வையுங்கள். கேஸ் கோளாறைவிட எறும்பும் பல்லியும் கெடுத்த மெஷின்கள்தான் நான் அதிகம் பார்த்தவை.

டீச்சர் வீட்டில் இரண்டு வாரம் கழித்து மீட்டர் பார்க்கப் போனேன். பின்கட்டில், மெஷின் காற்று விடும் பக்கமாக, ஒரு சாய்வு நாற்காலி. டீச்சர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணி, வெளியே வெயில் கொளுத்துகிறது, அவர் தோளில் சால்வை.

"தம்பி, இது மூன்று மணிக்கெல்லாம் நின்றுவிடுகிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடும்படி வைக்க முடியுமா?"

"அதற்கு நீங்கள் இன்னொரு தடவை குளிக்க வேண்டும், டீச்சர்" என்றேன்.